காய்ந்த 25 நிமிடம்: கபடித் தரையில் விழுந்த முன்பல், ஏற்காட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வயது 14, ஆண், எடை 42 கிலோ. ஏற்காட்டில் ஒன்பதாம் வகுப்பு. நவம்பர் மாதம், மாலை 4.10 மணி. கபடிப் பயிற்சியில் பாடிப் போனவன் கோட்டுக்குத் திரும்பும்போது, மறித்துப் பிடிக்க வந்தவனின் தலை இவன் வாயில் மோதியது. மேல் இடது நடுப்பல் (பல் மருத்துவர் கணக்கில் 21) வேரோடு கழன்று தரையில் விழுந்தது. வலது நடுப்பல் (11) சாய்வாக உடைந்து, உடைந்த முகத்தின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. கீழ் உதடு உட்பக்கம் கிழிந்து, பத்து நிமிடத்துக்குள் இரண்டு மடங்கு வீங்கியது.

இது பயிற்சிக்காகக் கட்டிய நிகழ்வு. மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கிவரும் முன்பல் காயங்களில் வழக்கமாகக் காணும் சிக்கல்களை ஒரே பையன்மேல் ஏற்றிச் சொல்கிறோம். தனி ஒருவருடைய கதை அல்ல.

பார்த்தவர்கள் எல்லோரும் பதறியது உடைந்த பல்லைப் பார்த்து. ஆனால் ஆபத்து அதிகம் இருந்தது ஒரு கீறல்கூட இல்லாமல் மண்ணில் முழுசாகக் கிடந்த பல்லுக்குத்தான்.

மலைமேல் போன நேரம்

4.15: ரத்தம் நிற்கட்டும் என்று எதிர்வீட்டிலிருந்து ஒரு கை காபித்தூள் வந்தது. காபி விளையும் ஊரில் இது கைக்கு எட்டிய வைத்தியம். வெட்டுக்காயத்தில் அப்புவதுபோல பற்குழிக்குள்ளும் திணித்துவிட்டார்கள். ரத்தம் நின்ற மாதிரி தெரிந்தது. அது காபித்தூள் செய்த வேலை அல்ல, விரலால் அழுத்திய அழுத்தம் செய்த வேலை. சுத்தமான துணியை மடித்து வைத்து ஐந்து நிமிடம் கடிக்கச் சொல்லியிருந்தாலும் இதே பலன்தான். தூள் பின்னால் என்ன தொல்லை கொடுத்தது என்பதை நாற்காலிப் பகுதியில் சொல்கிறோம்.

4.25: கூட விளையாடிய பையன் செம்மண்ணில் பல்லைத் தேடி எடுத்தான். எடுத்தவன் வேரைப் பிடித்து எடுத்தான், சட்டையில் ஒரு துடை துடைத்தான், காய்ந்த கைக்குட்டையில் முடிந்து பையில் போட்டுக்கொண்டான். மூன்றுமே கூடாதவை. வேரின் மேற்பரப்பில் பல்லையும் எலும்பையும் இணைக்கும் நார்த்திசு மெல்லிய தோல்போல ஒட்டியிருக்கும். அதில் இருக்கும் செல்கள் உயிரோடு இருந்தால்தான் திரும்ப வைத்த பல் பழையபடி எலும்போடு நாரால் பிணையும். காற்றில் காய்ந்தால் 30 நிமிடத்துக்குள் பெரும்பாலானவை செத்துப்போகும். 60 நிமிடம் தாண்டினால் மிச்சம் எதுவும் இல்லை என்றே கணக்கு. துடைத்தால் துணியோடு போய்விடும்.

4.30-க்கு உடற்கல்வி ஆசிரியர் சேலத்தில் ஒரு பல் மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தார். பேச்சு ஏறக்குறைய இப்படி:

“பல்லோட வெள்ளைப் பக்கத்தைப் பிடிங்க சார், வேரைத் தொடாதீங்க. மண்ணு இருந்தா பால்லயோ எச்சில்லயோ லேசா அலசிட்டு, இருந்த எடத்துலயே திரும்ப வெச்சு, துணியைக் கடிச்சுக்கச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க.”

“உள்ள பூரா காபித்தூளா இருக்குங்க டாக்டர். பையன் வாயைத் தொடவே விடமாட்டேங்கிறான்.”

“சரி, அதை விட்டுடுங்க. பாக்கெட் பால் வாங்கி அதுல போடுங்க. காய்ச்சின பால் வேண்டாம். இப்பவே போடுங்க, வண்டி ஏறினப்புறம் இல்ல.”

4.35-க்குப் பல் பாலில் விழுந்தது. விழுந்த நேரத்திலிருந்து காய்ந்து கிடந்தது 25 நிமிடம். கோப்பின் முதல் பக்கத்தில் இந்த எண்ணைத்தான் பெரிதாக எழுத வேண்டும். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் இதைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகிறது.

ஏன் பால்? உப்புச் செறிவு நம் உடல்நீருக்கு நெருக்கமானது, அமிலத்தன்மை மிகக் குறைவு, எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது. குளிர்ந்த பாலில் அந்தச் செல்கள் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஆவின் பாக்கெட்டில் எந்த நிறம் என்று தேட வேண்டாம், கொழுப்பு கூடக்குறைய இருப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. டீக்கடையில் கேட்டால் ‘பால் இருக்குங்க’ என்று பாய்லர் பாலை ஊற்றித் தருவார்கள், அந்தச் சூட்டில் செல்கள் வெந்துபோகும். சர்க்கரை போட்ட பால், தயிர், மோர் எதுவும் ஆகாது. இளநீர் நல்லதுதானே என்று பலர் கேட்கிறார்கள். உலகப் பல் காய மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலில் பால், ஹேங்க்ஸ் கரைசல் (செல்களை உயிரோடு வைக்கும் உப்புக் கரைசல்), எச்சில், சலைன் (மருத்துவ உப்புநீர்) என்ற வரிசைதான் இருக்கிறது, இளநீர் இல்லை. பால் கிடைக்கும் இடத்தில் இளநீருக்கு வேலையும் இல்லை. வெறும் தண்ணீரில் ஊறவைத்தால் செல்கள் நீரை உறிஞ்சி வெடிக்கும். ஆனாலும் காய விடுவதைவிடத் தண்ணீர் மேல், அந்த அளவுக்குக் காய்தல் கெடுதி.

டம்ளரில் பாலை ஊற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். ஏற்காடு மலைப்பாதையில் அடிவாரம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது வளைவில் பால் பாதி மடியில் கொட்டியது. நல்லவேளை, வண்டியில் ஒருவரிடம் மூடி போட்ட டிபன் பாக்ஸ் இருந்தது. பல்லை நாக்குக்கு அடியிலோ கன்னத்துக்குள்ளோ வைத்துக் கொண்டுபோகச் சொல்லும் பழைய அறிவுரையை இந்தச் சாலைக்குச் சொல்லக்கூடாது. வளைவில் குமட்டினால் பல் வயிற்றுக்குப் போகும், இல்லையென்றால் மூச்சுக்குழலுக்கு. எச்சில்தான் கிடைக்கிறது என்றால் ஒரு சின்ன டப்பாவில் துப்பி அதில் பல்லைப் போட்டுக்கொள்ளலாம்.

பதினோராவது வளைவுக்குப் பக்கத்தில் பையன் ஒருமுறை வாந்தி எடுத்தான். மலை இறங்குகிறவர்கள் வாந்தி எடுப்பது இங்கே யாருக்கும் செய்தி இல்லை. ஆனால் தலை மோதிய பையன் எடுக்கும் வாந்தியை வளைவின் கணக்கில் எழுதிவிட முடியாது.

சேலம், மாலை 5.50

பல்லைப் பார்ப்பதற்கு முன் பையனைப் பார்க்க வேண்டும். மயங்கினானா, மோதிய நொடி நினைவிருக்கிறதா, தலைவலி கூடுகிறதா, தூக்கக் கலக்கமா, இரண்டு கண்மணிகளும் ஒரே அளவா, மூக்கிலோ காதிலோ தண்ணீர்போல வடிகிறதா. இதற்கு இரண்டு நிமிடம் போதும். இவன் மயங்கவில்லை. தன்னை மறித்தவன் பெயரைச் சொன்னான், தன் அணி எத்தனை புள்ளியில் இருந்தது என்றும் சொன்னான். வாந்தி ஒருமுறைதான். திரும்பத் திரும்ப வாந்தியோ மயக்கமோ இருந்திருந்தால் பல்லைப் பாலிலேயே விட்டுவிட்டுப் பையனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். பல் காத்திருக்கும், மூளைக்குள் கசிவு காத்திருக்காது. தாடை எலும்பும் பார்க்கப்பட்டது: வாயை முழுசாகத் திறக்கிறான், கடித்தால் பற்கள் பழையபடி சேர்கின்றன, காதுக்கு முன்னால் அழுத்தினால் வலி இல்லை.

டெட்டனஸ் தடுப்பூசி 10 வயதில் போட்டிருந்தான். மண் பட்ட காயத்துக்குக் கடைசி ஊசி 5 வருடத்தைத் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். இவனுக்கு 4 வருடம்தான், எனவே தேவைப்படவில்லை.

எக்ஸ்ரே நான்கு. நடுக்கோட்டில் ஒன்று, இடது நடுப்பல் குழிக்கு நேராக ஒன்று, கடிவாய்ப் படம் ஒன்று. நான்காவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: உதட்டுக்கும் பல்வரிசைக்கும் நடுவில் படத்தகட்டை வைத்து, வழக்கமான நேரத்தில் கால்வாசி மட்டும் கதிர் காட்டி எடுப்பது. வலது நடுப்பல்லின் உடைந்த துண்டு தரையில் கிடைக்கவில்லை. வாயிலும் இல்லை, விழுங்கினதாகவும் அவனுக்கு நினைவில்லை. கால்வாசிக் கதிர்ப் படத்தில், வீங்கிய கீழ் உதட்டின் சதைக்குள் முக்கோணமாக ஒரு வெள்ளைத் துண்டு தெரிந்தது. நீளம் 4 மி.மீ. இருக்கும். இதைப் பார்க்காமல் உதட்டைத் தைத்திருந்தால் துண்டு உள்ளேயே கட்டியாகிச் சீழ் பிடித்திருக்கும். உதட்டிலும் இல்லை, வெளியிலும் இல்லை என்றால் அடுத்தது நெஞ்சு எக்ஸ்ரே. துண்டு எங்கே என்று கணக்கு முடியாமல் பையனை வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

நாற்காலியில்

வேலை வரிசை இது: முதலில் கழன்ற பல், பிறகு உடைந்த பல்லின் திறந்த நரம்பு, கடைசியில் உதடு. ரத்தம் கொட்டுவது உதட்டில் என்பதால் கை தானாக உதட்டுக்குத்தான் போகும். உதட்டைத் தைத்துவிட்டுப் பல்லுக்கு வந்தால் அரை மணி நேரம் போயிருக்கும், தவிர உதட்டை இழுத்துப் பிடிக்கும்போது போட்ட தையல் பிய்யும்.

மரத்துப்போகும் ஊசிக்கு அட்ரினலின் கலக்காத லிக்னோகைன். குழிக்குள் ரத்தம் வர வேண்டிய நேரத்தில் ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து எதற்கு என்பதே காரணம்.

பல்லைப் பாலிலிருந்து எடுத்தது ஈரமான காஸ் துணியால், மகுடத்தை, அதாவது வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து. வேர் முனை மூடியிருந்தது. மேல் நடுப்பல் 7, 8 வயதில் முளைக்கிறது, வேர் ஏறக்குறைய 10 வயதில் முழுமையாகிறது, ஆகவே 14-ல் இது எதிர்பார்த்ததுதான். 8 வயதுக் குழந்தையாக இருந்து வேர் முனை அகலமாகத் திறந்திருந்தால் கதையே வேறு: ரத்த ஓட்டம் திரும்ப வர வாய்ப்பு உண்டு, வேர் சிகிச்சையை (ரூட் கேனல்) உடனே தொடாமல் காத்திருந்து பார்க்கலாம். மூடிய முனைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வேரில் ஒரு பக்கம் இளஞ்சிவப்பாக நார்த்திசு ஒட்டியிருந்தது. சட்டையில் துடைபட்ட பக்கம் வழவழவென்று மஞ்சளாக இருந்தது. நடுவில் நாலைந்து செம்மண் துகள்கள். 20 மி.லி. சிரிஞ்சில் சலைன் எடுத்து, ஊசியில்லாமல், ஓரடி தள்ளியிருந்து பீச்சியதில் மூன்று துகள்கள் போயின. மற்றவற்றுக்குப் பல்லைச் சலைன் கிண்ணத்துக்குள் மெல்ல ஆட்டியது போதுமாக இருந்தது. சுரண்டக்கூடாது. ஒரு மண் துகளை எடுக்க ஒரு சதுர மில்லிமீட்டர் நாரைச் சுரண்டி எடுப்பது லாபமான வியாபாரம் இல்லை.

குழிதான் நேரத்தைத் தின்றது. காபித்தூளும் ரத்தமும் சேர்ந்து தார்போலக் கறுப்பாக உறைந்திருந்தது. வெறும் ரத்தக்கட்டியாக இருந்திருந்தால் ஒருமுறை சலைன் விட்டதும் வழிந்து வந்திருக்கும். தூள் கலந்த கட்டி குழியின் ஓரங்களில் ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகத்தான் வந்தது. நான்கு சிரிஞ்ச் சலைன், மெல்லிய உறிஞ்சு குழல், மொத்தம் ஒன்பது நிமிடம். குழியின் சுவரிலும் நார் இருக்கிறது, அதையும் சுரண்டக்கூடாது என்பதால் கரண்டி போன்ற கருவியைத் தொடவில்லை. உள்ளே ஒன்றிரண்டு துகள் தங்கியிருக்கவும் கூடும்.

குழிச் சுவர் முழுசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பல்லை விரலால் மெல்ல அழுத்தி ஏற்றியது 6.15-க்கு. கடைசி 2 மி.மீ. போகாமல் நின்றது. இந்த இடத்தில் பலமாக அழுத்துவதுதான் வழக்கமான தவறு. பல் ஏறவில்லை என்றால் குழிக்குள் ஏதோ தடுக்கிறது: மிச்சக் கட்டி, அல்லது உள்ளே சாய்ந்த எலும்புச் சில்லு. திரும்ப இறக்கி, மறுபடி சலைன் விட்டதில் கறுப்புக் கட்டி ஒன்று வந்தது. அடுத்த முறை பல் தானாக உட்கார்ந்தது. கடிக்கச் சொல்லி, பக்கத்துப் பல்லின் விளிம்போடு ஒப்பிட்டு, எக்ஸ்ரே எடுத்து உறுதி செய்யப்பட்டது. கணக்கு: வெளியே இருந்தது 2 மணி 5 நிமிடம். அதில் காய்ந்தது 25 நிமிடம், மற்றதில் பெரும்பகுதி பாலில்.

கம்பி கட்டுவதில் நம் பக்கம் இன்னும் பழைய நினைப்பு போகவில்லை. கை உடைந்தால் மாவுக்கட்டுப் போடுவதுபோல, பல்லும் அசையவே கூடாது என்று தடிக்கம்பி வைத்துக் கட்டுவார்கள். பல்லுக்கு அது எதிர்மாறு. சாப்பிடும்போது கொஞ்சம் அசைய வேண்டும், அந்த அசைவுதான் நார் பிடிக்கவும் எலும்பு நேராக வேரில் ஒட்டாமல் இருக்கவும் உதவுகிறது. கம்பியின் கனம் 0.4 மி.மீ. தாண்டக்கூடாது. கம்பி இல்லையென்றால் நைலான் நரம்பு போதும், 0.13 முதல் 0.25 மி.மீ. வரை. மேட்டூர் அணைப் பக்கம் தூண்டில் போடுகிறவர்கள் வாங்கும் அதே நரம்புதான், கிருமி நீக்கிப் பயன்படுத்தலாம்.

இவனுக்கு 0.4 மி.மீ. கம்பி. வலது பக்கப்பல்லிலிருந்து இடது பக்கப்பல் வரை, நான்கு பற்கள். கம்பியைப் பல்வரிசையின் வளைவுக்கு முன்கூட்டியே வளைத்து, கையை எடுத்தாலும் எந்தப் பல்லையும் தள்ளாமல் சும்மா உட்காரும்படி செய்ய வேண்டும். வளைவு தப்பினால் கம்பி ஸ்பிரிங்போல இழுத்துக்கொண்டே இருக்கும், காலையில் பார்த்தால் பல் உள்ளேயோ வெளியேயோ நகர்ந்திருக்கும். ஈறில் கசியும் ரத்தத்தைக் காஸ் துணியால் அழுத்தி நிறுத்தி, பல்லின் முன்முகத்தின் நடுவில் 37 சதவீதப் பாஸ்பாரிக் அமிலம் 20 விநாடி, கழுவி உலர்த்தி, பசை பூசி, ஒளி காட்டி, சிறு பொட்டு அளவு காம்போசிட் (பல் நிறப் பிசின்). முதலில் பக்கத்துப் பற்களில் ஒட்டிவிட்டு, கழன்ற பல்லை விரலால் சரியான இடத்தில் பிடித்துக்கொண்டு கடைசியாக அதில் ஒட்ட வேண்டும். காம்போசிட் ஈறைத் தொடக்கூடாது, இரு பல்லுக்கு இடையிலும் போகக்கூடாது. தொட்டால் அங்கே அழுக்கு சேரும், ஈறு வீங்கும், கிருமி நேராக ஆறாத நாருக்குள் இறங்கும்.

உடைந்த வலது நடுப்பல்லில் திறந்த நரம்பு 1.5 மி.மீ. இருந்தது. இதைப் பார்த்ததும் ‘நரம்பு வெளிய வந்துட்டுது, ரூட் கேனல்தான்’ என்பது சட்டென்று வரும் பேச்சு. வேண்டியதில்லை. இளம் பல்லின் நரம்புத்திசுவுக்கு ஆறும் வலு அதிகம். ஸ்வீடனின் மியோமிர் செவெக் 1978-ல் விவரித்த முறை இன்றும் நிற்கிறது: தண்ணீர் பீச்சும் வைரமுனையால் மேலிருந்து 2 மி.மீ. நரம்பை மட்டும் சீவி எடுத்து, சலைன் நனைத்த பஞ்சை வைத்து ஐந்து நிமிடம் அழுத்தி, ரத்தம் நின்றதும் மூடிவிடுவது. ரத்தம் நிற்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் கீழே வீக்கம் இருக்கிறது என்று பொருள், மேலும் ஒரு மில்லிமீட்டர் போக வேண்டும். இவனுக்கு மூன்று நிமிடத்தில் நின்றது. மூடியதற்குப் பயோடென்டின் என்ற கால்சியம் சிமென்ட், 12 நிமிடத்தில் இறுகும், மேலே கிளாஸ் அயனோமர் என்ற பல் சிமென்ட். முன்பல் என்பதால் பிஸ்மத் ஆக்சைடு கலந்த பழைய எம்.டி.ஏ. சிமென்ட் தவிர்க்கப்பட்டது. அது பல்லைச் சாம்பல் நிறமாக்கும்.

உதட்டுக்குள் இருந்த துண்டு இடுக்கியில் ஒரே முயற்சியில் வந்தது. உடைந்த பல்லோடு ஒட்டிப் பார்த்ததில் ஓரத்தில் ஒரு சிறு சில்லு தவிர முழுசாகப் பொருந்தியது. சலைன் பாட்டிலில் போட்டுப் பெயர் எழுதி வைக்கப்பட்டது. காய்ந்தால் துண்டு சுண்ணாம்புபோல வெளுத்துவிடும். உதட்டின் உட்பக்கம் கரையும் நூலில் நான்கு தையல்.

மாத்திரை: அமாக்சிசிலின் 500 மி.கி., நாளுக்கு மூன்று வேளை, 7 நாள். பெனிசிலின் ஒவ்வாமை இல்லை என்று கேட்டபின். வலிக்குப் பாராசிட்டமால். இரவு மலை ஏற வேண்டாம் என்று சொல்லி, அம்மாப்பேட்டையில் சித்தி வீட்டில் தங்க வைத்தார்கள். தலையில் அடிபட்டவனை முதல் 24 மணி நேரம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது. ராத்திரி ஒரு மணிக்கு 20 வளைவுகளை இறங்கி வருவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

இரண்டு வாரச் சாப்பாடு

இட்லி, குழைந்த ரசம் சாதம், கஞ்சி, மசித்த வாழைப்பழம். பட்டினி கிடக்கத் தேவையில்லை, முன்பல்லால் கடிக்காமல் இருந்தால் சரி. தட்டுவடை செட்டைப் (சேலத்துத் தெருக்கடை நொறுக்குத்தீனி) பற்றிக் கேட்பான் என்று தெரிந்ததால் பெயர் சொல்லியே தடை எழுதப்பட்டது. கொய்யா, கரும்பு, முறுக்கு எல்லாம் அதே பட்டியல். ‘கெட்டியான உணவு தவிர்க்கவும்’ என்று பொதுவாக எழுதினால் 14 வயதுப் பையன் தட்டுவடையைக் கெட்டி உணவில் சேர்ப்பதில்லை.

துலக்குவதை நிறுத்திவிடுவது இன்னொரு தொல்லை. கம்பி இருக்கிறதே, வலிக்குமே என்று விட்டுவிடுகிறார்கள். மறுநாளிலிருந்தே மென்மையான பிரஷ் வேண்டும். வாய் கொப்பளிக்கக் குளோரெக்சிடின் 0.12 சதவீதம், காலை இரவு, இரண்டு வாரம். கடையில் 0.2 சதவீதப் பாட்டில் கிடைத்தால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்துகொள்ளலாம். பேஸ்ட் போட்டுத் துலக்கிய உடனே கொப்பளித்தால் மருந்தின் வீரியம் குறையும், அரை மணி இடைவெளி விட வேண்டும்.

பத்தாம் நாள்

“பல்லு கெட்டியா நிக்குதுங்க. வலி துளிகூட இல்லைங்கிறான். நல்லா இருக்கிற பல்லுல எதுக்குங்க ஓட்டை போடணும்?”

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. இந்த நிகழ்வில் எழுத வேண்டிய இடம் ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். காபித்தூளையும் கைக்குட்டையையும் தாண்டிப் பிழைத்து வரும் பற்களும், வலி இல்லாத இந்த நாட்களில்தான் கைவிட்டுப் போகின்றன.

பல் கழன்றபோது வேர் முனையில் நுழையும் ரத்தக்குழாயும் நரம்பும் அறுந்துவிட்டன. மூடிய முனை வழியாக அவை திரும்ப வளராது. உள்ளே இருக்கும் திசு செத்த திசு. செத்துப்போனதால்தான் வலி இல்லை. அதில் கிருமி புகுந்தால், வேருக்குள் குறுக்காக ஓடும் நுண்குழல்கள் வழியாக நச்சு வெளிப்பக்கம் கசியும். வெளிப்பக்கத்தில் நார் உரிந்து, மேற்பூச்சு சிதைந்த இடங்கள் இருக்கின்றன. அங்கே அழற்சி பிடித்து, எலும்பையும் வேரையும் சேர்த்துத் தின்னும். சில வாரங்களில் எக்ஸ்ரேயில் வேரின் ஓரம் எலி கடித்ததுபோலத் தெரியும். வளரும் வயதில் அது வேகமாகப் போகும், சில மாதத்தில் வேரே இருக்காது. ஆனால் இந்தத் தின்னலை நிறுத்த முடியும். நிறுத்தும் ஒரே வழி, இரண்டு வாரத்துக்குள் உள்ளே சுத்தம் செய்வது.

வேர் சிகிச்சை கம்பி இருக்கும்போதே தொடங்கப்பட்டது. கம்பி பல்லைப் பிடித்திருப்பதால் வேலை சுலபம். உட்பக்கத்தில் திறந்து, ரப்பர் திரை மாட்டி, நீளம் அளந்து, சோடியம் ஹைப்போகுளோரைட் விட்டுக் கழுவி, உலர்த்தி, கால்சியம் ஹைட்ராக்சைடு பசை நிரப்பி, மேலே தற்காலிக அடைப்பு 3 மி.மீ.-க்குக் குறையாமல்.

14-ஆம் நாள் கம்பி கழற்றப்பட்டது. அன்றே சலைனில் இருந்த துண்டு வலது நடுப்பல்லில் ஒட்டப்பட்டது. விடுபட்ட சில்லு அளவுக்குக் காம்போசிட். ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தால் ஒட்டுக்கோடு தெரியாது, கோணம் மாறினால் நூலிழைபோலத் தெரியும்.

அடுத்து நான்காம் வாரம் வந்திருக்க வேண்டும். வந்தது ஒன்பதாம் வாரம். காபிப்பழம் பறிக்கும் பருவம், அம்மா அப்பா இருவருக்கும் தோட்ட வேலை, சேலம் போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும். வலியில்லாத பல்லுக்காக யார் போவார்கள்? தற்காலிக அடைப்பு ஓரத்தில் தேய்ந்திருந்தது, உடைந்து திறக்கவில்லை. கால்சியம் ஹைட்ராக்சைடை ஒரு மாதத்துக்கு மேல் விட்டால் வேர்ச்சுவர் மெல்ல வலுவிழக்கும், பின்னால் சின்ன அடிக்கே கழுத்தில் ஒடியலாம். எனவே அன்றே கட்டாபெர்ச்சா (வேர்க்குழலை நிரந்தரமாக நிரப்பும் ரப்பர் போன்ற பொருள்) வைத்து நிரப்பி, மேலே காம்போசிட்டால் மூடி முடிக்கப்பட்டது. முதல் நாளே அடுத்தடுத்த தேதிகளைப் பறிப்புக் காலத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வாரச்சந்தைக்கு இறங்கும் நாளோடு ஒட்டிக் கொடுத்திருந்தால் இந்த ஐந்து வாரம் தப்பியிருக்கும்.

தட்டினால் வரும் சத்தம்

மூன்றாம் மாதம்: வலது நடுப்பல் குளிர்ச்சிக்குச் சரியாகப் பதில் சொல்கிறது. எக்ஸ்ரேயில் மருந்துக்குக் கீழே புதிதாகக் கெட்டித் தடுப்பு உருவாகியிருக்கிறது. அதன் நரம்பு பிழைத்துவிட்டது. அடிபட்ட நாளில் இந்தச் சோதனையைச் செய்து முடிவெடுக்கக்கூடாது, அதிர்ச்சியில் இருக்கும் நரம்பு மூன்று மாதம் வரைகூடப் பேசாமல் இருக்கும். இடது நடுப்பல்லில் அழற்சித் தின்னல் எதுவும் இல்லை.

ஆறாம் மாதம்: கண்ணாடிக் கருவியின் பிடியால் இடது நடுப்பல்லைத் தட்டினால் ‘டிங்’ என்று உலோகச் சத்தம். பக்கத்துப் பல்லில் மந்தமான ‘டக்’. இடது பல்லில் இயல்பான அசைவுகூட இல்லை. எக்ஸ்ரேயில் வேரின் ஒரு பக்கத்தில், நடு மூன்றில் ஒரு பகுதியில், வேருக்கும் எலும்புக்கும் இடையே இருக்க வேண்டிய கறுப்புக் கோட்டைக் காணோம். எலும்பு நேராக வேரில் ஒட்டிவிட்டது. உடல் இனி அந்த வேரைத் தன் எலும்பாகவே நினைத்து, கரைத்துக் கரைத்துப் புதிதாகக் கட்டும். அன்று வழவழவென்று மஞ்சளாக இருந்த பக்கமும் இதுதான்.

இதற்கு மருந்து கிடையாது. அழற்சித் தின்னலை வேர் சிகிச்சை தடுத்தது, ஒட்டிக்கொள்வதை அது தடுக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வேர் சிகிச்சையைத் திரும்பச் செய்வது வீண் வேலை. பெரியவர்களுக்கு இப்படி ஒட்டிய பல் பல வருடம் நிற்கும். இவனுக்கு 14 வயது என்பதுதான் சிக்கல். பக்கத்துப் பற்கள் தாடையோடு சேர்ந்து கீழே வளர்ந்துவரும். ஒட்டிய பல் வராது, மேலேயே நின்றுவிடும். பார்க்கிறவர்களுக்குப் பல் குட்டையாகிக்கொண்டே போவதுபோலத் தெரியும்.

பன்னிரண்டாம் மாதம்: உயரம் ஒரு வருடத்தில் 7 செ.மீ. கூடியிருக்கிறது. இடது நடுப்பல்லின் விளிம்பு பக்கத்துப் பல்லைவிட 0.5 மி.மீ. மேலே. இப்போதைக்கு விளிம்பில் காம்போசிட் வைத்து நீட்டினால் யாருக்கும் தெரியாது. வித்தியாசம் 1 மி.மீ. தாண்டினால் அடுத்த கட்டம்: மகுடத்தை வெட்டி எடுத்து, வேரை எலும்புக்குள்ளேயே விட்டு, ஈறால் மூடுவது. கேட்கிற பெற்றோர் திடுக்கிடுவார்கள். ஆனால் பல்லைப் பிடுங்கினால் முன்பக்க எலும்பு உள்வாங்கிப் பள்ளமாகும், விட்ட வேர் மெல்ல எலும்பாக மாறி அந்த இடத்தின் அகலத்தைக் காக்கும். இடைவெளிக்குப் பக்கத்துப் பல்லில் பாலம்போல ஒட்டும் செயற்கைப் பல். எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்ப்ளாண்ட், வளர்ச்சி நின்றபின்தான். இப்போது போட்டால் அதுவும் இதேபோல ‘குட்டையாகும்’.

மறுபடி விழாமல் இருக்க

பையனுக்கு மேல்பற்கள் 7 மி.மீ. முன்தள்ளியிருந்தன. ஊரில் தூக்குப்பல் என்பது இதுதான். சும்மா இருக்கும்போது உதடுகள் சேராததால் அடியைத் தாங்க மெத்தை இல்லை. முன்தள்ளல் 3 மி.மீ. தாண்டினாலே முன்பல் காயத்துக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. கிளிப் போட்டு உள்ளே இழுக்கலாம். ஆனால் திரும்ப வைத்த பல்லை ஒரு வருடம் தொடக்கூடாது, எலும்போடு ஒட்டிய பல்லோ கிளிப்புக்கு நகரவே நகராது. மற்ற பற்களை நகர்த்த அதை நங்கூரமாக்கிக்கொள்ளலாம் என்பது மட்டும் லாபம். 10, 11 வயதில் கிளிப் போட்டிருந்தால் இந்தப் பல் வெளியே நீட்டிக்கொண்டே இருந்திருக்காது.

கபடிக்கு வாய்க்காப்பு: அளவெடுத்து, 4 மி.மீ. இ.வி.ஏ. (வளையும் பிளாஸ்டிக்) தகட்டில் செய்தது. முன்பக்கம் 3 மி.மீ. கனம் நிற்க வேண்டும். வெந்நீரில் போட்டுக் கடித்து அமைக்கும் கடைச் சரக்கு அடுத்தபடி. கடிக்கும்போது பலமாகக் கடித்தால் முன்பக்கம் தாள்போல மெலிந்துவிடும், வேண்டிய இடத்தில் காப்பு இருக்காது. பாடும்போது மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ சொல்ல முடியாது என்று கழற்றி வைப்பார்கள். அளவெடுத்ததில் ஒரு வாரப் பழக்கத்தில் சொல்ல வரும்.

பள்ளி முதலுதவிப் பெட்டியில் சேர்க்க வேண்டியது அதிகம் இல்லை: 100 மி.லி. சலைன் பாட்டில், இறுக மூடும் சின்ன பிளாஸ்டிக் டப்பா, காஸ் துணி, கையுறை, ஒரு பல் மருத்துவரின் எண். அட்டையில் மூன்று வரி: வெள்ளைப் பக்கத்தைப் பிடி. அலசித் திரும்ப வை, முடியாவிட்டால் உடனே பாலில் போடு. காபித்தூள், மஞ்சள்தூள் வேண்டாம்.

சின்ன வகுப்புகளுக்கு நான்காவது வரியும் வேண்டும்: பால்பல் விழுந்தால் திரும்ப வைக்காதே. கீழே இருந்து வரும் நிலையான பல்லை அது கெடுத்துவிடும். பால்பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்து வளர்ந்த ஊர் இது. விழுந்த பல் என்றால் தூக்கிப்போட வேண்டியது என்ற பழக்கம் 14 வயதுப் பல்லுக்கும் நீண்டுவிடுகிறது. 6, 7 வயதில் எது எந்தப் பல் என்று ஆசிரியருக்குச் சந்தேகம் வரும். அப்போது வைக்க வேண்டாம், பாலில் போட்டு அனுப்பினால் மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

தற்போதைய நிலை: வலது நடுப்பல் உயிருடன், ஒட்டிய துண்டு உறுதி. இடது நடுப்பல் எலும்போடு ஒட்டியது, 0.5 மி.மீ. மேலே, வலியில்லை, சாப்பிடுகிறான், சிரிக்கிறான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவு, புகைப்படம், வருடத்துக்கு ஒரு எக்ஸ்ரே, குறைந்தது 5 வருடம். அடுத்த தேதி பறிப்பு முடிந்தபின், பிப்ரவரியில்.